மங்கோலியா: வேலியில்லாத நாட்டின் வாழ்க்கை (வாசகர் கேள்விகளும் பதில்களும்)

ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டே பேர் வாழும் நாடு மங்கோலியா என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த நாட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், ஆர்ஹங்காய் மாகாணத்தில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தோடு மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றையும் வேண்டிய இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மங்கோலியா தனி நாடா, சீனாவின் ஒரு பகுதியா? வரைபடத்தில் 'உள்மங்கோலியா' என்று வேறொன்றும் இருக்கிறதே?
(பள்ளி மாணவர், விருத்தாசலம்)

தனி நாடுதான். வடக்கே ருஷ்யாவும் மற்ற மூன்று பக்கங்களிலும் சீனாவும் சூழ்ந்த, கடலே இல்லாத நாடு அது. பரப்பளவு ஏறக்குறைய 15,64,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் 12 மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 35 லட்சம்தான். அதிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் தலைநகர் உலான்பாத்தரில் வாழ்வதால், நகரத்தை விட்டு வெளியே வந்தால் மனித நடமாட்டம் இன்னும் அருகிவிடுகிறது.

'உள்', 'வெளி' என்ற பெயர்கள் மஞ்சுப் பேரரசின் காலத்தில் வந்தவை. சீனத்தை ஆண்ட மஞ்சு மன்னர்களின் கீழ் 17-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் அடுத்தடுத்து வந்தபோது, கோபிப் பாலைக்குத் தெற்கே இருந்த பகுதி உள்மங்கோலியா என்றும் வடக்கே இருந்தது வெளிமங்கோலியா என்றும் அழைக்கப்பட்டன. 1911-இல் அந்தப் பேரரசு ஆட்டம் கண்டதும் வெளிமங்கோலியா விடுதலையை அறிவித்துத் தன் பௌத்த மதத் தலைவரையே அரசராக ஏற்றுக்கொண்டது. 1921-இல் ருஷ்யச் செம்படையின் துணையோடு ஒரு புரட்சி நடந்தது. 1924-இல் அரசர் மறைந்தபின் நாடு மக்கள் குடியரசாயிற்று. அடுத்த 66 ஆண்டுகள் ஒரே கட்சியின் ஆட்சிதான். 1990 மார்ச்சில் உறைபனிக் குளிரில் தலைநகரின் நடுச் சதுக்கத்தில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கட்சியின் உயர்குழு பதவி விலகியது. துப்பாக்கிச் சூடு இல்லாமல் ஒரு நாடு சர்வாதிகாரத்திலிருந்து தேர்தலுக்கு வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் ஆசியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. உள்மங்கோலியா இன்றும் சீனாவின் தன்னாட்சிப் பகுதியாகவே இருக்கிறது. மங்கோலிய நாட்டில் வாழும் மங்கோலியர்களைவிட அங்கே வாழும் மங்கோலியர்களின் எண்ணிக்கை அதிகம்.

கேள்வி: அந்த மக்கள் இன்னும் கூடாரத்தில்தான் வாழ்கிறார்களா? மைனஸ் 30, 40 டிகிரிக் குளிரைத் துணிக் கூடாரம் எப்படித் தாங்கும்?
(இல்லத்தரசி, திருவண்ணாமலை)

'கூடாரம்' என்ற சொல்தான் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது. அவர்கள் அதைக் 'கெர்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வீடு என்பதே பொருள். கடைகளில் இழுத்து மூடும் மடக்கு இரும்புக் கதவைப் போல, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த மரச்சட்டங்களை விரித்து வட்டமாக நிறுத்தினால் அது சுவர். உச்சியில் வண்டிச் சக்கரம் போல ஒரு மரவளையம். அதற்குத் 'தோனோ' என்று பெயர். சுவருக்கும் வளையத்துக்கும் இடையே குடைக்கம்பிகள் போல நீண்ட கழிகளைச் செருகிவிட்டால் கூரை எழுந்துவிடும். இதன்மேல் போர்த்துவது வெறும் துணி அல்ல; ஆட்டு ரோமத்தைப் பரப்பி, நனைத்து, உருட்டி உருட்டிக் கெட்டிப்படுத்திய தடித்த கம்பளி. கோடையில் ஓர் அடுக்கும் குளிர்காலத்தில் இரண்டு மூன்று அடுக்குகளும் போர்த்துவார்கள். நடுவே இரும்பு அடுப்பு எரியும். வெளியே கண்ணிமை உறையும் குளிரிலும் உள்ளே ஒற்றைச் சட்டையோடு உட்காரலாம். பழகிய குடும்பம் இரண்டு மணி நேரத்துக்குள் இதைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடும்.

வாசல் எப்போதும் தெற்கு நோக்கியே இருக்கும். வாசலுக்கு நேர் எதிரே, வடக்குப் பக்கம்தான் மரியாதைக்குரிய இடம். வழிபாட்டுப் படங்களும் முன்னோர் புகைப்படங்களும் அங்கே இருக்கும், மூத்தவர்கள் அங்கேதான் அமர்வார்கள். நுழைந்ததும் இடப்பக்கம், அதாவது மேற்கு, விருந்தினருக்கும் சேணம் முதலிய குதிரைச் சாமான்களுக்கும் உரியது. கிழக்கு, சமையலுக்கும் பாத்திரங்களுக்கும் பெண்களுக்கும் உரியது. தோனோ வழியே விழும் வெயில் எந்தக் கழியின்மேல் நிற்கிறது என்று பார்த்தே வீட்டிலுள்ளவர்கள் நேரம் சொல்லிவிடுவார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டில் விடிவதற்கு முன்பே அந்த வீட்டு அம்மா அடுப்பு மூட்டிவிடுவார். எரிப்பது பெரும்பாலும் காய்ந்த மாட்டுச்சாணம். நாம் வரட்டி தட்டுவது போல அவர்கள் தட்டுவதில்லை. புல்வெளியில் தானாகவே காய்ந்து கிடப்பதை, முதுகில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு, நீண்ட காம்புள்ள முள்கரண்டி போன்ற கருவியால் வாரித் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். அது குறி தவறாமல் கூடைக்குள் விழும். அகன்ற சட்டியில் தண்ணீரும் கட்டித் தேயிலையும் கொதித்ததும் பாலும் உப்பும் சேர்த்து, கரண்டியால் உயர மொண்டு மொண்டு ஊற்றுவார். அந்தத் தேநீரின் முதல் மொண்டலை யாரும் குடிப்பதில்லை. ஒன்பது சிறு குழிகள் செதுக்கிய மரக்கரண்டியில் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், வானத்தை நோக்கியும் திசைகளை நோக்கியும் தெளித்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குக் கிண்ணத்தில் ஊற்றுவார். மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட அவர் இதைத் தவறவிட்டு நான் பார்க்கவில்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடை போடுவதே தொழில். அங்கே ஆடு மேய்ப்பவர்கள் எப்படி இடம் மாறுகிறார்கள்? நிலம் யாருக்குச் சொந்தம்?
(செம்மறி ஆடு வளர்ப்பவர், முதுகுளத்தூர்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் மிகவும் மகிழ்ந்து படித்தது உங்களுடையதுதான். மேய்ச்சல் நிலம் அங்கே யாருக்கும் தனிச் சொத்து அல்ல. 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் அதைத் தனியாருக்கு உரிமையாக்க இடம் தரவில்லை. கால்நடைகள் நாட்டின் செல்வம், அரசின் பாதுகாப்புக்கு உரியவை என்றும் அதே சட்டம் சொல்கிறது. குளிர்காலத் தங்குமிடத்துக்கு மட்டும் குடும்பத்தின் பெயரில் உரிமைச் சான்று கொடுக்கிறார்கள்.

நாடோடி என்றதும் மனம் போன போக்கில் அலைபவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு பருவத்துக்கும் நான்கு இடம் உண்டு. ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே இடங்கள்தான். குளிர்காலத்துக்கு, வடகாற்றை மலை மறைக்கும் தென்சரிவில் கல்லாலோ மரத்தாலோ கட்டிய தொழுவம். அதன் தரையில் பல ஆண்டுகளாக மிதிபட்டு இறுகிய சாணப்படுகைதான் ஆடுகளுக்கு மெத்தை. பிறகு குட்டி ஈனுவதற்கு ஏற்ற இளவேனில் இடம். கோடையில் ஆற்றங்கரை. இலையுதிர்காலத்தில் ஆடுமாடுகள் கொழுப்பு ஏற்றிக்கொள்வதற்கான நல்ல புல்வெளி. ஹங்காய் மலைப்பகுதியில் இந்த இடங்களுக்கு இடையே 10, 20 கிலோமீட்டர் இருக்கலாம். புல் குறைந்த கோபியில் அது 100 கிலோமீட்டரைத் தாண்டும். முன்பு ஒட்டகத்திலும் எருதுவண்டியிலும் ஏற்றியதை இப்போது லாரியில் ஏற்றுகிறார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நீங்கள் அடுத்தவர் வயலில் கிடை போட்டு, அந்த உரத்துக்கு ஈடாகக் கூலியோ நெல்லோ பெறுகிறீர்கள். வயலே அரிதான அந்த நாட்டில் விவசாயியோடு அப்படி ஓர் உறவு உருவாக வழியில்லை.

அவர்கள் வளர்ப்பவை ஐந்து வகை: குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. மலைப்பகுதிகளில் வளரும் யாக் எருமையும் மாட்டுக் கணக்கிலேயே சேரும். இவற்றைச் 'சூடான மூக்கு', 'குளிர்ந்த மூக்கு' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். குதிரையும் செம்மறியும் சூடான மூக்கு உடையவை; மாடு, ஒட்டகம், வெள்ளாடு ஆகியவை குளிர்ந்த மூக்கு உடையவை.

ஈன்ற தாய் தன் குட்டியை ஏற்காமல் உதைத்துத் தள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோபியில் ஒட்டகம் அப்படிச் செய்தால், குதிரைத்தலை செதுக்கிய இரண்டு நரம்பு வாத்தியமான 'மொரின் ஹூர்' வாசிப்பவரை அழைத்துவந்து, தாயையும் குட்டியையும் அருகருகே நிறுத்தி, 'ஹோஸ், ஹோஸ்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இசைத்துப் பாடுகிறார்கள். மணிக்கணக்கில் பாடவேண்டியிருந்தாலும் விடுவதில்லை. தாயின் கண்ணில் நீர் கட்டி, குட்டியை மடியருகே விடும் வரை பாட்டு தொடரும். இந்த வழக்கத்தை 2015-இல் யுனெஸ்கோ, உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த வாழ்க்கையின் பெரிய அச்சம் 'சுத்' என்ற ஒரே சொல்லில் அடங்கும். கால்நடைகள் கூட்டங்கூட்டமாகச் சாகும் குளிர்காலத்துக்கு அந்தப் பெயர். ஆழமான பனி புல்லை மூடிவிட்டால் அது வெள்ளைச் சுத். பனியே பெய்யாமல் குடிக்க நீரில்லாது போனால் கருப்புச் சுத். பனி உருகி மீண்டும் உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத பனிக்கட்டித் தகடாகிவிட்டால் இரும்புச் சுத். 2009-2010 குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு கோடி கால்நடைகள் மடிந்தன. 2023-2024-இலும் 70 லட்சத்துக்கு மேல் மடிந்தன. உறைந்த உடல்கள் தொழுவத்துக்கு வெளியே அடுக்கப்பட்டிருக்கும் புகைப்படங்களைப் பார்த்தால், மந்தை வைத்திருக்கும் எவராலும் அன்று இரவு தூங்க முடியாது.

வானிலை மாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1990 வரை மந்தைகள் கூட்டுப்பண்ணைகளின் கையில் இருந்தன. தீவனச் சேமிப்பும் கால்நடை மருத்துவரும் அரசின் பொறுப்பு. அந்த அமைப்பு கலைந்ததும் வேலையிழந்த பலர் மேய்ச்சலுக்குத் திரும்பினார்கள். அப்போது இரண்டரைக் கோடியாக இருந்த கால்நடைகள் 2019-இல் ஏழு கோடியாகிவிட்டன. அதில் வெள்ளாட்டின் பங்குதான் வேகமாக ஏறியது. இளவேனிலில் வெள்ளாட்டின் உள்மயிரைச் சீப்பால் வாரி எடுப்பதுதான் உலகம் விலை கொடுத்து வாங்கும் காஷ்மீர்க் கம்பளி; ஓர் ஆட்டுக்கு ஏறக்குறைய கால் கிலோ கிடைக்கும். கையில் காசு புரள அதைவிட நேரான வழி ஒரு மேய்ச்சல் குடும்பத்துக்கு இல்லை. ஆனால் வெள்ளாடு எப்படி மேயும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புல் தேய்ந்தால் இலையுதிர்காலத்தில் உடலில் கொழுப்பு ஏறாது. கொழுப்பு ஏறாத ஆட்டைக் குளிர்காலம் எளிதில் கொண்டுபோய்விடுகிறது.

கேள்வி: அங்கே சைவ உணவு கிடைக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

உலான்பாத்தரில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. நாட்டுப்புறத்தில் சிரமம்தான். உழவுக்கு ஏற்ற நிலம் நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. உறைபனி இல்லாத நாட்களும் மிகக் குறைவு. புல்லை மனிதன் உண்ண முடியாது, ஆடு உண்ணும். ஆகவே அங்கே உயிர்வாழ்வதற்கு ஆடுதான் வழி.

கோடையில் போனால் ஓரளவு சமாளிக்கலாம். அது 'வெள்ளை உணவு'க் காலம்: தயிர், ஆடை, வெண்ணெய், கெர் கூரைமேல் வெயிலில் காயவைத்துக் கல்போல் இறுகிய 'ஆருல்' என்னும் தயிர்க்கட்டி. குதிரைப் பாலைத் தோல்பையில் ஊற்றிப் புளிக்கவைத்த, சிறிது போதையுள்ள 'ஐரக்' வாசலருகே தொங்கும். உள்ளே வருகிறவர் யாராயினும் அதிலுள்ள மத்தைப் பிடித்து நாலைந்து முறை குத்திவிட்டுத்தான் உட்கார்வார். குளிர்காலம் வந்ததும் இறைச்சிக் காலம். சந்திரக் கணக்குப்படி வரும் புத்தாண்டான 'சகான் சர்' பண்டிகைக்கு, ஆட்டிறைச்சி பொதிந்த 'போஸ்' கொழுக்கட்டைகளை ஒரு குடும்பமே கூடி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பிடித்து, வாசலுக்கு வெளியே வைத்து உறையவிட்டு, விருந்தினர் வரவர ஆவியில் வேகவைத்துப் பரிமாறுகிறது. நம் கொழுக்கட்டையைப் பிடிக்கும் அதே விரல் அசைவுதான். பூரணம் மட்டும் வேறு.

கேள்வி: மங்கோலியர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டா? ஒரு செய்தியில் அவர்கள் தலைவர்களின் பெயருக்கு முன்னால் இனிஷியல் பார்த்தேன்.
(அரசு ஊழியர், நாகர்கோவில்)

வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று திகைக்கும் நம்மவர்களின் துன்பத்தை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மங்கோலியர்கள். அங்கேயும் தந்தை பெயர்தான் முன்னால் வரும். அழைப்பதும் மதிப்பதும் சொந்தப் பெயரைச் சொல்லித்தான். 2009 முதல் 2017 வரை அதிபராக இருந்தவரின் முழுப்பெயர் சஹியாகீன் எல்பெக்தோர்ஜ். சஹியாவின் மகன் எல்பெக்தோர்ஜ் என்று பொருள். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டு அவர் பெயரை நம்மைப் போலவே எழுதுவார்கள். பழைய குலப்பெயர்களை 1920-களில் அரசு ஒழித்துவிட்டது. 1990-களில் மீண்டும் பதிவு செய்யச் சொன்னபோது தங்கள் குலம் எதுவென்று பலருக்குத் தெரியவில்லை. பெருந்திரளானவர்கள் செங்கிஸ் கானின் குலப்பெயரான 'போர்ஜிகின்' என்பதையே எடுத்துக்கொண்டார்கள்.

பெயர்களின் பொருள் இன்னும் சுவையானது. தெமுர் என்றால் இரும்பு, பாத்தர் என்றால் வீரன், செத்செக் என்றால் மலர். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு 'நெர்குய்' என்று பெயரிடுவார்கள். 'பெயரில்லை' என்பது அதன் பொருள். 'எனெபிஷ்' என்றால் 'இது இல்லை'. தேடிவரும் தீய சக்தி ஏமாந்து திரும்பிப் போகட்டும் என்பதற்காக. குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்ட நம் பாட்டிமார்களுக்கு இந்த அச்சத்தையும் இந்த உபாயத்தையும் விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: மங்கோலியர்கள் பௌத்தர்கள் என்கிறார்களே, அவர்களுக்கு இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?
(நூலகர், காஞ்சிபுரம்)

நினைத்ததைவிட நெருக்கமான தொடர்பு உண்டு. பௌத்தம் அங்கே திபெத்தின் வழியே போய்ச் சேர்ந்தது. 1578-இல் அல்தான் கான் என்ற மங்கோலியத் தலைவர் திபெத்திய குரு ஒருவருக்குச் சூட்டிய பட்டம்தான் 'தலாய் லாமா'. 'தலாய்' என்பது மங்கோலியச் சொல். கடல் என்று பொருள். ஆயினும் திபெத்துக்கும் அப்பால், சமஸ்கிருதத்தின் தடம் அந்த நாட்டில் எங்கும் கிடக்கிறது. செவ்வாய்க் கிரகம் அவர்களுக்கு 'அங்காரக்', புதன் 'புத்', வியாழன் 'பர்ஹஸ்பாத்', வெள்ளி 'சுகர்', சனி 'சஞ்சிர்'. அங்காரகன், புதன், பிருகஸ்பதி, சுக்கிரன், சனைச்சரன் என்று நம் பஞ்சாங்கத்தில் படிக்கும் அதே பெயர்கள்தாம். ஓர் இரவு கெர் வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பையன் வானத்தைக் காட்டி 'பர்ஹஸ்பாத்' என்று சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

1635-இல் பிறந்த சனபசார் என்ற மதத்தலைவர் ஆசியாவின் மகத்தான வெண்கலச் சிற்பிகளில் ஒருவர். அவர் பெயரே 'ஞானவஜ்ர' என்பதன் மங்கோலிய உருவம். அவர் 1686-இல் அமைத்த எழுத்துமுறையின் பெயர் 'சோயோம்போ', அதாவது நம் 'சுயம்பு'. அதிலிருந்து எடுத்த சின்னம்தான் இன்று மங்கோலியாவின் தேசியக் கொடியில் பொன்னிறத்தில் இருக்கிறது.

இந்த மரபு அழிவின் விளிம்பு வரை போனது. 1937 முதல் 1939 வரை, மங்கோலியக் கம்யூனிஸ்டுத் தலைவர் சோய்பல்சானின் ஆட்சியில், ஸ்டாலினின் அழுத்தத்தோடு நடந்த ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்தது 20,000. மிகப் பலர் துறவிகள். நூற்றுக்கணக்கான மடாலயங்கள் தரைமட்டமாயின. உலான்பாத்தரின் காந்தன் மடாலயத்தில் 26 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அவலோகிதேசுவரர் சிலை, அந்த ஆண்டுகளில் காணாமற்போன பழைய சிலைக்கு ஈடாக 1996-இல் மக்கள் நன்கொடையால் மீண்டும் நிறுவப்பட்டது. 1990-இல் இந்தியா தன் தூதராக லடாக்கைச் சேர்ந்த பௌத்தத் துறவி குஷோக் பகுலா ரிம்போச்சேயை அனுப்பியது. பத்தாண்டுக் காலம் அங்கே பணியாற்றிய அவர், வழிபாட்டை மறந்திருந்த ஒரு தலைமுறைக்கு அதை மீண்டும் கற்றுக்கொடுத்தார். தூதர் ஒருவரை ஒரு நாட்டு மக்கள் குருவாகவே நினைவில் வைத்திருப்பது அபூர்வம்.

கேள்வி: செங்கிஸ் கானைக் கொடுங்கோலர் என்று படித்தோம். அங்கே விமான நிலையத்துக்கே அவர் பெயராமே? மொகலாயர்கள் அவர் வழிவந்தவர்களா?
(வழக்கறிஞர், மதுரை)

நிஷாபூர், மெர்வ் போன்ற நகரங்களில் 1221-இல் நடந்த படுகொலைகளை யாராலும் மறைக்க முடியாது. ஆனால் சிதறிக் கிடந்த குலங்களை 1206-இல் ஒன்றுசேர்த்து நாடு என்ற ஒன்றை உண்டாக்கியவர் என்பதும், எந்த மதத்தவரையும் வழிபடவிட்டார் என்பதும் அந்த மக்களுக்கு மறக்க முடியாதவை. ருஷ்யாவின் செல்வாக்கு இருந்த காலத்தில் அவரைப் புகழ்வதே குற்றமாக இருந்தது. 1962-இல் அவருடைய 800-ஆவது பிறந்த ஆண்டைக் கொண்டாட முன்நின்ற கட்சி உயர்குழு உறுப்பினர் ஒருவர் பதவியை இழந்தார். அந்த அடக்குமுறைக்கு மறுமொழியாகத்தான் இன்றைய பெருமிதத்தை நான் பார்க்கிறேன்.

'மொகல்' என்பது 'மங்கோல்' என்பதன் பாரசீக வடிவம்தான். பாபர் தந்தை வழியில் தைமூரின் வழித்தோன்றல், தாய் வழியில் செங்கிஸ் கானின் வழித்தோன்றல். தமிழருக்கும் ஒரு நேர்த்தொடர்பு உண்டு. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203-இல், அதாவது கி.பி. 1281-இல், அங்கே ஒரு சிவாலயத்தில் இறைவன் எழுந்தருளச் செய்யப்பட்டதைச் சொல்கிறது. 'செகாசை கான்' என்ற மன்னரின் நலனுக்காகவும் அவருடைய ஆணைப்படியும் அது செய்யப்பட்டதாம். அந்தக் கான், செங்கிஸ் கானின் பேரரான குப்ளாய் கான் என்பது அறிஞர்கள் முடிவு. ஒரு மங்கோலியப் பேரரசருக்காகத் தமிழ் வணிகர்கள் சிவனிடம் வேண்டிக்கொண்டதைக் கல் சொல்லி நிற்கிறது.

கேள்வி: நாதம் திருவிழா என்பது என்ன?
(விளையாட்டு வீரர், தஞ்சாவூர்)

'நாதம்' என்றால் மங்கோலிய மொழியில் விளையாட்டு. ஜூலை 11 முதல் 13 வரை மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை மூன்றும் நடக்கும். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு கிடையாது, ஒரு மெலிந்த இளைஞரின் எதிரே மலைபோன்றவர் வந்து நிற்கலாம். 512 பேர் இறங்கி, ஒன்பது சுற்றுகளில் ஒருவர் மிஞ்சுவார். ஐந்து சுற்று வென்றவருக்கு வல்லூறு, ஏழு வென்றவருக்கு யானை, எட்டு வென்றவருக்குக் கருடன், ஒன்பதும் வென்றவருக்குச் சிங்கம் என்று பட்டங்கள் உண்டு. யானையும் சிங்கமும் வாழாத நாட்டில் அந்தப் பெயர்கள் பட்டமாக நிற்பதும் பௌத்தத்தோடு போன இந்தியாதான். குதிரைப் பந்தயத்தில் நான் மிகவும் விரும்பியது ஒன்று உண்டு. இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டத்தில் கடைசியாக வரும் குதிரையை நிறுத்தி, அடுத்த ஆண்டு நீயே முந்துவாய் என்று அதற்கென்றே வாழ்த்துப்பாட்டுப் பாடுகிறார்கள்.

கேள்வி: உலான்பாத்தரில் குளிர்காலக் காற்று மிக மோசம் என்று படித்தேன். அவ்வளவு காலியான நாட்டில் எப்படி?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

முதுகுளத்தூர் நண்பருக்குச் சொன்னதன் தொடர்ச்சிதான் இது. மந்தையைச் சுத்தில் இழந்த குடும்பம் கெரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு தலைநகரின் ஓரத்துக்கு வந்து, ஒரு மரவேலிக்குள் அதையே நட்டுக்கொள்கிறது. வேலியில்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அங்கேதான் முதன்முதலாக வேலி வருகிறது. குழாய்த் தண்ணீர் கிடையாது. குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கேன்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீர் நிலையத்துக்குப் போக வேண்டும். சாணத்துக்குப் பதிலாக அடுப்பில் நிலக்கரி எரிகிறது. நகரமோ மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், உலகத் தலைநகரங்களிலேயே மிகக் குளிரான இடத்தில் இருக்கிறது. கனத்த குளிர்காற்று புகையை மேலே போகவிடாமல் மூடிக்கொள்கிறது. அதன் விலையை முதலில் கொடுப்பவை குழந்தைகளின் நுரையீரல்கள். 2019-இல் பதப்படுத்தாத நிலக்கரியை நகருக்குள் தடை செய்தார்கள். அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் வந்தன. புகை ஓரளவு குறைந்தாலும் தீர்ந்தபாடில்லை.

மாணவி என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மகனை மந்தைக்கு வைத்துக்கொண்டு மகளைப் படிக்க அனுப்புவது மேய்ச்சல் குடும்பங்களின் வழக்கம். நான் தங்கியிருந்த வீட்டின் மூத்த மகள் தலைநகரில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி எட்டாம் வகுப்போடு நின்று குதிரைகளைப் பார்த்துக்கொண்டான்.

கேள்வி: சுற்றுலாவாகப் போனால் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படி நடந்துகொள்வது?
(வங்கி அலுவலர், புதுச்சேரி)

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். அடுத்த வீடு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் நாட்டில், வழிப்போக்கனை வெளியே நிறுத்துவது அவனைச் சாகவிடுவதற்குச் சமம். ஆகவே கதவைத் தட்ட வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி நின்று 'நொஹோய் ஹோர்' என்று குரல் கொடுங்கள். 'நாயைப் பிடியுங்கள்' என்று பொருள். நாய் இல்லாத வீட்டிலும் அதுதான் அழைப்பு. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்பக்கமாகச் சுற்றிப் போய் அமருங்கள். நடுவே நிற்கும் இரண்டு தூண்களுக்கு ஊடே நடக்கவோ அவற்றில் சாயவோ கூடாது. அடுப்பை நோக்கிக் கால் நீட்டக் கூடாது, அதில் குப்பை போடக் கூடாது. தருவதை வலக்கையால், இடக்கை முழங்கையைத் தாங்க, வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்க முடியாவிட்டாலும் உதட்டிலாவது வைத்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். பெரியவர் மூக்குப்பொடிச் சிமிழை நீட்டினால் வாங்கி முகர்ந்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

விடைபெறும்போது நன்றி சொல்லிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. அவர்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. நான் புறப்பட்ட காலையில் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. வண்டி நகர்ந்ததும் ஒரு பாத்திரத்தில் பாலோடும் அதே ஒன்பது குழிக் கரண்டியோடும் வெளியே வந்து, நாங்கள் போகும் திசையை நோக்கித் தெளித்துக்கொண்டே இருந்தார்.